நேரில் எது, திரையில் எது?

அலுவலகக் கூட்டத்தை நேரில் நடத்துவதா, காணொலியில் நடத்துவதா என்று 2020க்கு முன் நம் ஊரில் அதிகம் பேர் யோசித்ததில்லை. ஊரடங்கு வந்தபோது யோசிக்க அவகாசமும் இருக்கவில்லை. 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த ஜூம் கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், மென்பொருள் நிறுவனம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எல்லாம் சில வாரங்களில் திரைக்குள் குடியேறின.

ஊரடங்கு விலகிய பிறகுதான் வாதம் தொடங்கியது. 2025க்குள் ஊழியர்களில் நூற்றுக்கு 25 பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023இல் வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. காணொலிக் கூட்டத்தை விற்றே வளர்ந்த ஜூம் நிறுவனமும் 2023 ஆகஸ்டில், அலுவலகத்திலிருந்து 50 மைலுக்குள் வசிக்கும் தன் ஊழியர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வர வேண்டும் என்றது. அலைச்சலும் செலவும் மிச்சம், வேலை எதுவும் கெடவில்லை என்கிறார்கள் ஊழியர்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்கிறார்கள் நிர்வாகிகள். என்ன குறைகிறது என்று கேட்டால் பண்பாடு, ஒட்டுறவு என்று பொதுப்படையாகச் சொல்கிறார்கள்.

இரு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காணொலி நேர்ச்சந்திப்புக்கு ஈடாகுமா என்று மொத்தமாகக் கேட்டால், ஆகும் என்பதற்கும் ஆகாது என்பதற்கும் வேண்டிய அளவு சான்று கிடைக்கும். அதனால்தான் இந்த இழுபறி ஓயவில்லை. எந்த வேலைக்கு, எவருக்கும் எவருக்கும் இடையே, அதில் யாருக்கு இழப்பு என்று பிரித்துக் கேட்டால், ஐம்பது ஆண்டு ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே திசையில் கை காட்டுகின்றன. அந்தத் திசையைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கனவு

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி நேற்று வந்த ஆசை இல்லை. 1927 ஏப்ரல் 7 அன்று, வாஷிங்டனில் இருந்த அமெரிக்க வணிகத்துறை அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரின் முகத்தை அவர் குரலோடு சேர்த்து நியூயார்க்கில் இருந்தவர்களுக்குக் காட்டியது பெல் ஆய்வகம். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் ‘பிக்சர்ஃபோன்’ கருவியைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் இக்கருவியில் பேசுவதற்கான பொதுக்கூடங்களைத் திறந்தார்கள். மூன்று நிமிடம் பேச 16 டாலருக்குக் குறையாமல் ஆனது. கூட்டம் வரவில்லை. 1970 ஜூன் 30 அன்று பிட்ஸ்பர்க் நகரில், மாதம் 160 டாலர் கட்டணத்தில், அலுவலகங்களுக்கான சேவையைத் தொடங்கினார்கள். அதுவும் சில ஆண்டுகளில் தேய்ந்து மறைந்தது.

விலை அதிகம் என்பது ஒரு காரணம். நம்மிடம் கருவி இருந்தாலும் எதிரே பேசுபவரிடமும் இருந்தால்தான் பயன் என்பது இன்னொரு காரணம். விலையும் இணைப்பும் இன்று ஒரு பொருட்டே இல்லை. ஐந்தங்குல கைப்பேசி போதும். ஆனால் அந்தக் காலத்திலேயே ஆய்வாளர்கள் எழுப்பிய மூன்றாவது கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. முகம் தெரிவதால் வேலைக்கு உண்மையில் என்ன லாபம்?

1970களிலேயே கிடைத்த விடை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்ஃபோன்ஸ் சபானிஸ் இதைச் சோதித்தார். ஒருவரிடம் உதிரிப் பாகங்கள், இன்னொருவரிடம் அவற்றைப் பூட்டும் குறிப்புகள். இருவரும் பேசி வேலையை முடிக்க வேண்டும். சில இணைகள் நேரில் பேசின, சில குரலால் மட்டும், சில எழுத்தால், சில குரலோடு படமும் சேர்த்து. எழுத்தைவிடக் குரல் வேலையை வெகுவாக விரைவுபடுத்தியது. குரலோடு படத்தைச் சேர்த்ததால் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

லண்டனில் குவிந்திருந்த அரசு அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றலாமா என்று பிரிட்டன் அரசு யோசித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. அதையொட்டி நடந்த சோதனைகளைத் தொகுத்து ஷார்ட், வில்லியம்ஸ், கிறிஸ்டி மூவரும் 1976இல் தொலைத்தொடர்பின் சமூக உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தகவல் பரிமாறவும் நேரான சிக்கலைத் தீர்க்கவும் எந்த ஊடகமும் போதும் என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. பேரம், கருத்து மோதல், புதியவரை எடைபோடுவது ஆகியவற்றில் ஊடகம் முடிவையே மாற்றுகிறது என்பது இரண்டாவது. எதிரே இருப்பவர் ஓர் ஆள் என்ற உணர்வை ஊடகம் எவ்வளவு கடத்துகிறதோ அதைப் பொறுத்தே விளைவு அமைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். 1980களில் டாஃப்ட், லெங்கல் இருவரும் இதே திசையில் இன்னோர் அடி வைத்தார்கள். செய்தி குழப்பமாகவும் பல பொருள் படுவதாகவும் இருந்தால் நேரில் பேச வேண்டும். தெளிவாக இருந்தால் கடிதமே போதும் என்பது அவர்கள் வாதம்.

இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய நிறுவனங்களின் நாட்குறிப்பைப் பார்த்தால் வருத்தம் வருகிறது. ஒரு மின்னஞ்சலில் முடிய வேண்டிய நிலவர அறிக்கைக்கு நாற்பது பேர் திரையில் அமர்கிறார்கள். நேரில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய பிணக்கு, அரை மணி நேரக் காணொலியில் அரைகுறையாக மூடப்படுகிறது.

யோசனை பிறக்கும் இடம்

அண்மைக் கால ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது மெலனி பிரக்ஸ், ஜோனதன் லெவாவ் இருவரும் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. 602 பேரை இருவர் இருவராகப் பிரித்தார்கள். ஃபிரிஸ்பி தட்டு, குமிழித் தாள் போன்ற ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து, அதைப் புதிதாக எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஐந்து நிமிடம் யோசிக்கச் சொன்னார்கள். பாதி இணைகள் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்தன; மீதிப் பாதி தனித்தனி அறைகளில் திரை வழியே பேசின. பிறகு, சொன்ன யோசனைகளில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

நேரில் இருந்தவர்கள் கூடுதலான யோசனைகளைச் சொன்னார்கள். தேர்ந்தெடுப்பதில் திரைவழி இணைகள் சற்றும் பின்தங்கவில்லை. காரணம் தேட, அறைக்குள் சில பொருள்களை வைத்தார்கள். கோப்புப் பெட்டி போல அங்கே இருக்கக்கூடியவை சில; எலும்புக்கூட்டுப் படம், பெரிய செடி, கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் என எதிர்பாராதவை சில. கண் எங்கே போகிறது என்று கருவி கொண்டு பதிந்தார்கள்; முடிந்த பின், அறையில் என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். திரையில் பேசியவர்களின் கண் எதிராளியின் முகத்திலேயே நிலைத்திருந்தது. அறைப் பொருள்கள் அவர்கள் நினைவில் அதிகம் தங்கவில்லை. நேரில் பேசியவர்களின் கண் அறையெங்கும் அலைந்தது. அப்படி அலைந்தவர்களுக்கே யோசனைகளும் கூடுதலாகத் தோன்றின. ஒரு தொலைத்தொடர்புக் கட்டமைப்பு நிறுவனத்தில், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் 1,490 பொறியாளர்களைக் கொண்டு செய்த சோதனையும் இதையே காட்டியது.

இங்கே திரை செய்யும் கேடு மிக நுட்பமானது. அது கவனத்தைச் சிதறடிக்கவில்லை; கவனத்தை மிகையாகக் குவிக்கிறது. மேசையை வெறிப்பதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதும் நேர்ப்பேச்சில் யாரையும் உறுத்தாது. திரையில் அப்படிச் செய்தால் ‘ஆள் கவனிக்கவில்லை’ என்ற பெயர் வரும். அந்தப் பயத்தில் கண் அடைபடுகிறது. கண்ணோடு மனமும் அடைபடுகிறது. அரை நூற்றாண்டின் 2 கோடி ஆய்வுக் கட்டுரைகளையும் 40 லட்சம் காப்புரிமை விண்ணப்பங்களையும் அலசிய லின், ஃப்ரே, வூ குழுவின் 2023 ஆய்வு இதைப் பெரிய திரையில் காட்டுகிறது. வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு சேர்ந்து உழைக்கும் குழுக்கள், ஒரே இடத்தில் உள்ள குழுக்களைவிடத் துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்புகளைக் குறைவாகவே தருகின்றன. தெரிந்த திட்டத்தை நிறைவேற்றுவதில் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை; கருத்து முளைக்கும் கட்டத்தில்தான் பின்தங்குகிறார்கள்.

அறிமுகமும் நம்பிக்கையும்

அடுத்தது நம்பிக்கை. 1998இல் எலினா ராக்கோ என்ற ஆய்வாளர், ஒத்துழைத்தால் அனைவருக்கும் லாபம், ஏமாற்றினால் தனக்கு மட்டும் லாபம் என்ற வகை விளையாட்டைக் குழுக்களுக்குக் கொடுத்தார். மின்னஞ்சலில் மட்டும் பேசிய குழுக்களில் ஒத்துழைப்பு குலைந்தது. தொடங்குமுன் ஒரே ஒருமுறை நேரில் சந்தித்த குழுக்கள் தாக்குப்பிடித்தன. 2002இல் பாஸ், ஓல்சன் முதலானோர் இதே போன்ற விளையாட்டை நேர்ச்சந்திப்பு, காணொலி, குரல், எழுத்து என நான்கு வழிகளில் நடத்தினார்கள். காணொலியும் குரலும் இறுதியில் நேர்ச்சந்திப்பை ஏறக்குறைய எட்டிப்பிடித்தன. ஆனால் நம்பிக்கை தாமதமாகவே வந்தது. வந்ததும் எளிதில் உடைந்தது.

அந்தக் குழுவில் இருந்த ஓல்சன் தம்பதியர் 2000இல் எழுதிய கட்டுரையில், தொலைவிலிருந்து சேர்ந்து உழைக்க என்ன வேண்டும் என்று வகுத்தார்கள். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் பொதுத்தளம், ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு அதிகம் பின்னாமல் இருப்பது, சேர்ந்து உழைக்கும் மனம், கருவிப் பழக்கம். இவை இருந்தால் தொலைவு தடையில்லை. 2020இல் காணொலி எப்படி அவ்வளவு சுளுவாக ஓடியது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. பல ஆண்டு ஒரே கேண்டீனில் சாப்பிட்டுப் பழகியவர்கள் திரையில் பேசினார்கள். பழைய பழக்கம் என்னும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட காலம் அது. அடுத்த போகத்துக்கு விதைப்பது பற்றி நிர்வாகங்கள் பிறகுதான் கவலைப்பட்டன.

கவலைக்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020 முதல் ஆறு மாதத் தொடர்புகளை அலசிய ஆய்வின்படி, அனைவரும் வீட்டுக்குப் போன பின் குழுக்களுக்குள் பேச்சு இறுகியது. குழுக்களுக்கு இடையே செலவிடும் நேரம் கால் பங்கு குறைந்தது. புதிய ஆள்களைச் சேர்த்துக்கொள்ளாமல், தெரிந்தவர்களையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977இலேயே கண்டு சொன்னதும் இதுதான்: இருவரின் மேசைகளுக்கு நடுவே தூரம் 50 மீட்டரைத் தாண்டினால் அவர்கள் வாரம் ஒருமுறை வேலை பற்றிப் பேசுவதே அரிதாகிவிடுகிறது. திட்டமிட்ட கூட்டத்துக்கு லிங்க் அனுப்பலாம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தற்செயலாக நடக்கும் பேச்சுக்கு யார் லிங்க் அனுப்புவது?

இதில் பெரிதும் இழப்பவர்கள் இளையவர்கள். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த இம்மானுவேல், ஹாரிங்டன், பலேஸ் மூவரும், குழுவினர் ஒரே கட்டடத்தில் அமர்ந்தால் ஒருவர் எழுதிய நிரலுக்கு மற்றவர் தரும் திருத்தக் குறிப்புகள் கூடுகின்றன என்று கண்டார்கள். அனுபவம் குறைந்தவர்களும் பெண்களும் இதில் கூடுதலாகக் கற்றார்கள். கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த வேலையோ குறைந்தது. வீட்டிலிருந்து பேசினால் சீனியருக்கு நேரம் மிச்சம், ஜூனியருக்குப் படிப்பு நஷ்டம் என்று இதைச் சுருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் டீம் லீடைத் திரையில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் இருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் “அண்ணா, இந்த எரர் என்னன்னு பாருங்களேன்” என்று கேட்பதில் தயக்கம் இல்லை. அதையே கேட்க மேனேஜரின் நாட்காட்டியில் பதினைந்து நிமிடம் குறிக்க வேண்டும் என்றால், பலர் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள்.

களைப்பு எங்கிருந்து வருகிறது

நாற்காலியை விட்டு எழாமல் பேசிய பிறகும் உடம்பு அடித்துப்போட்டது போல் இருப்பதைப் பலரும் அனுபவித்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் இதற்கு நான்கு காரணங்கள் சொன்னார். எல்லா முகங்களும் மிக நெருக்கத்தில், இடைவிடாமல் நம்மையே பார்ப்பது. தலையசைப்பைக்கூட மிகைப்படுத்திக் காட்ட வேண்டிய உழைப்பு. நாள் முழுதும் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது. கேமராச் சட்டத்துக்குள் அசையாமல் அமர்வது. இதையொட்டி 10,322 பேரிடம் நடந்த கருத்தாய்வில், மிகவும் களைப்பதாகச் சொன்ன பெண்கள் 13.8%, ஆண்கள் 5.5%. தன் முகம் கண்ணெதிரே தெரிந்துகொண்டே இருப்பது இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

கேமராவை அணைத்தால் என்ன ஆகிறது என்று கிறிஸ்டன் ஷாக்லி குழு நேரடியாகவே சோதித்தது. ஒரு நிறுவனத்தின் 103 ஊழியர்கள் நான்கு வாரத்தில் இரண்டு வாரம் கேமராவோடும் இரண்டு வாரம் கேமரா இல்லாமலும் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். கேமரா போட்ட நாள்களில் களைப்பு கூடியது. களைத்தவர்கள் கூட்டத்தில் குறைவாகவே பேசினார்கள். பெண்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அது கூடுதலாகப் பாதித்தது. ஈடுபாட்டுக்காக ‘அனைவரும் கேமரா போடுங்கள்’ என்று உத்தரவிடும் மேலாளர், தான் வேண்டியதற்கு நேர் எதிரானதை விளைவிக்கிறார்.

தாமதம் என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஆராய்ந்த 2009 ஆய்வின்படி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய தாளத்தில் நடக்கும் உரையாடலில், இணைப்பு அரை நொடி பிந்தினாலும் இருவர் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்க சொல்லுங்க” என்று மாறிமாறி வழிவிட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 2014இல் வெளியான ஆய்வொன்று கவலைக்குரிய ஒன்றைக் காட்டியது. தாமதம் கூடும்போது, கேட்பவர்கள் குறையை இணைப்பின் மேல் சுமத்தவில்லை. எதிரே பேசுபவர் கவனமில்லாதவர் என்று எடைபோட்டார்கள். அதிவேக இணைப்புள்ள நகரத்து ஊழியரும், கைப்பேசி சிக்னலை நம்பிப் பேசும் சிற்றூர் ஊழியரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் யார் மந்தமானவராகத் தெரிவார் என்று சொல்லத் தேவையில்லை.

நம் வீடுகளும் இதில் சேர்த்தி. நியூயார்க்கின் காலை 9 மணி, அங்கே கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30. கலிஃபோர்னியாவின் காலை 9 மணி நமக்கு இரவு 9.30. சென்னை ஓஎம்ஆர் சாலை நிறுவனத்தின் கிளையண்ட் கால் அந்த நேரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் மூலையில் நடக்கிறது. குக்கர் விசில், குழந்தையின் அழுகை, சுவரின் சுண்ணாம்பு எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் முன் விரிகின்றன. தனி அறை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேற்றுமையை அலுவலகக் கட்டடம் எட்டு மணி நேரமாவது மறைத்து வைத்திருந்தது. காணொலி அந்த மறைப்பை எடுத்துவிட்டது.

காணொலி தந்த வரவு

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் காணொலியை ஒதுக்கச் சொன்னால் அது அநீதி. கோவை மாவட்டத்தின் வால்பாறையை எடுத்துக்கொள்வோம். 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, 100 கிலோமீட்டருக்கு மேல் வந்தால்தான் ஆட்சியர் அலுவலகம். ஒருமணி நேர ஆய்வுக் கூட்டத்துக்காக வட்டாட்சியர் ஒரு பகல் முழுவதையும் சாலையில் விட வேண்டும். அன்று அவரைத் தேடி வரும் மனுதாரர்கள் திரும்பிப் போக வேண்டும். அந்தக் கூட்டம் காணொலிக்கு மாறியது மக்களுக்கே லாபம். ஊரடங்குக்கு வெகுகாலம் முன்பே தேசியத் தகவலியல் மையத்தின் வசதியோடு இது மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. மாநிலத் தலைமைச் செயலாளர்களோடு பிரதமர் திட்டங்களை ஆய்வு செய்யும் ‘பிரகதி’ காணொலிக் கூட்டமும் 2015இல் தொடங்கியது.

‘விசி’ என்று அலுவலர்கள் அழைக்கும் அந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அதன் பலமும் எல்லையும் சேர்ந்தே தெரியும். திரையில் கட்டம் கட்டமாக வட்டாட்சியர்கள். பெயர் அழைக்கப்பட்டதும் ஒருவர் மைக்கைத் திறந்து, பட்டா மாறுதல் மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை முடிந்தன, நிலுவை எத்தனை என்று சொல்லி மூடுகிறார். கணக்கு கேட்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இரண்டு தெருக்களுக்கு நடுவே மயானப் பாதையில் புகைந்துகொண்டிருக்கும் தகராறை, மாவட்டமே கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்த அலுவலரும் திறந்து சொல்ல மாட்டார். அது கூட்டம் முடிந்து வராந்தாவில், “அய்யா, ஒரு நிமிஷம்” என்று தொடங்கும் பேச்சு. விசிக்கு வராந்தா இல்லை. அதை அறிந்த ஆட்சியர், மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது நேரில் வைத்துக்கொள்வார்.

சரியாகக் கலந்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு அரவிந்த் கண் மருத்துவமனை சான்று. 2004 முதல் அது சிற்றூர்களில் தொடக்கநிலைக் கண் சிகிச்சை மையங்களைத் திறந்துவருகிறது. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர், நோயாளியின் முகத்துக்கு நேர் அமர்ந்து கருவி கொண்டு கண்ணைச் சோதிக்கிறார். பிறகு தலைமை மருத்துவமனையில் உள்ள மருத்துவர் காணொலியில் வந்து, முடிவைப் பார்த்து, நோயாளியிடம் பேசுகிறார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் நேரில் போகிறார்கள். தொட்டுப் பார்க்க வேண்டியது நேரில், அறிவு தேவைப்படுவது திரையில், கத்தி வைக்க வேண்டியது மீண்டும் நேரில் என்ற பகுப்பு அது. நேர்ச்சந்திப்பை ஒழிக்காமல், அதற்குரிய இடத்தில் நிறுத்தியதால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது.

அலுவலகத்திலும் இப்படிக் கலக்கலாம். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடந்த சோதனையில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்; பணித்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் பின்னடைவு இல்லை. இந்த ஆய்வு 2024இல் வெளியானது. சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தைக்காரர், நெடுந்தூரம் பேருந்தில் வருபவர் ஆகியோருக்குக் காணொலி கதவைத் திறந்திருக்கிறது. சைகை மொழியில் பேசுவோருக்குத் தொலைபேசி தராததைக் காணொலி தந்தது. உயர் நீதிமன்றங்கள் காணொலி விசாரணையை மறுக்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால், வெளியூர் வழக்கறிஞரும் தன் ஊரிலிருந்தே வாதாட முடிகிறது.

தீர்ப்புக்கு உள்ளாகிறவர்

ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தைத் தனியாகவே கவனிக்க வேண்டும். வேலைக்கான நேர்காணல், ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் எல்லாம் இந்த வகை. இதில் நீதிமன்ற அனுபவம் நமக்குப் பாடம். அமெரிக்காவின் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் 1999 முதல் பல குற்றங்களுக்கான ஜாமீன் விசாரணையைத் தொலைக்காட்சி இணைப்பில் நடத்தினார்கள். அந்த வகைக் குற்றங்களுக்கு விதிக்கப்பட்ட ஜாமீன் தொகை சராசரியாக 51% உயர்ந்தது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. குடியேற்ற வழக்குகளை ஆராய்ந்த இன்கிரிட் ஈக்லி 2015இல் இன்னொன்றைக் கண்டார். திரைவழி விசாரிக்கப்பட்டவர்கள் அதிகம் நாடுகடத்தப்பட்டார்கள். நீதிபதிகள் கடுமை காட்டியதால் அப்படி நேரவில்லை, விசாரிக்கப்பட்டவர்களே மனம் தளர்ந்து, கேட்க வேண்டிய நிவாரணத்தைக் கேட்காமல் விட்டதால் நேர்ந்தது.

நம் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. நியூயார்க்கில் இருந்த மருத்துவரின் சாட்சியத்தைக் காணொலியில் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே தீர்ப்பளித்தது. ஆனால் கைதானவரைக் காவலில் வைக்க, முதல்முறை நீதித்துறை நடுவர் முன் நேரில்தான் நிறுத்த வேண்டும். பிறகு நீதிமன்றக் காவலை நீட்டிக்கக் காணொலி போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. உடம்பில் அடிபட்ட தழும்பையும் நடையின் தள்ளாட்டத்தையும் கேமராச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட முடியும் என்பதே இதன் நியாயம்.

இந்த நியாயம் அலுவலகங்களுக்கும் பொருந்தும். 2021 டிசம்பரில் பெட்டர்.காம் நிறுவனம் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில் வேலையை விட்டு அனுப்பியது. 2022 மார்ச்சில் பிரிட்டனின் பி அண்ட் ஓ ஃபெரீஸ், ஏறக்குறைய 800 கப்பல் பணியாளர்களுக்கு முன்பே பதிந்து வைத்த காணொலியில் செய்தி சொன்னது. உலகம் கொதித்தது நியாயமே. ஒருவரின் பிழைப்பைப் பறிப்பவர், அவர் முகத்தை எதிர்கொள்ளும் சங்கடத்தையாவது ஏற்க வேண்டும். அந்தச் சங்கடம்தான் பல நேரம் முடிவை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

முகம் தெரிவதே ஒருவர் அவர்தான் என்பதற்குச் சான்று என்ற நிலையும் போய்விட்டது. 2024இன் தொடக்கத்தில் ஹாங்காங்கில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் காணொலிக் கூட்டத்தில் நிதித் தலைவரும் சக ஊழியர்களும் சொன்னதை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் அவர் கண்ட முகங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டவை. பணம், கையெழுத்து, ரகசியம் சம்பந்தப்பட்ட எந்த உத்தரவையும் திரையில் கேட்டதோடு நிறுத்தாமல், இன்னொரு வழியில் உறுதிசெய்வது இனி கட்டாயம்.

எங்கே எது

இவற்றைத் தொகுத்தால் அலுவலகங்களுக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. தெரிந்தவர்கள், தெளிவான பொருள், எடுத்த முடிவைச் செயல்படுத்தும் கட்டம், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்றால் காணொலி போதும். பல நேரம் வெறும் குரலே போதும். முதல் அறிமுகம், புதியவருக்குத் தொழில் கற்பித்தல், யோசனை முளைக்கும் கட்டம், முற்றிப்போன பிணக்கு, பேரம், ஒருவரைப் பற்றிய தீர்ப்பு ஆகியவற்றுக்கு நேர்ச்சந்திப்பு வேண்டும். புதிய குழு அமையும்போது தொடக்கத்திலேயே சில நாள் ஒன்றாக இருக்க வைத்தால், பிறகு மாதக்கணக்கில் திரையில் ஓட்டலாம்.

காணொலிக் கூட்டத்துக்கும் ஒழுங்கு வேண்டும். கேமராவைப் போடுவதும் அணைப்பதும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்ளப் பழக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடமாவது எழுந்து நடக்க இடைவெளி வேண்டும். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் திரையிலும் இருந்தால், திரையில் இருப்பவரை முதலில் பேச அழைப்பது தலைமை ஏற்பவரின் கடமை. இல்லாவிட்டால் அவர் வெறும் பார்வையாளராகிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முடிவு செய்வது என்பதில் மாற்றம் வேண்டும். இன்று கூட்டத்தின் வடிவத்தை அதிகாரம் உள்ளவர் தன் வசதிப்படி தீர்மானிக்கிறார். தனக்குச் சங்கடமான செய்தியைத் திரையில் சொல்கிறார். தனக்கு ஆள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதற்காக எல்லோரையும் நேரில் வரவழைக்கிறார். ஆய்வுகள் காட்டும் இழப்பு பெரும்பாலும் விழுவதோ புதியவர் மேல், பெண்கள் மேல், தொலைவில் இருப்பவர் மேல், தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மேல். ஆகவே விதி எளியது: அந்தச் சந்திப்பில் யார் கூடுதலாக இழக்கக்கூடும் என்று பார்த்து, நேரிலா, திரையிலா என்று கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். பயணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, அவர் நேரில் வர விரும்பினால் வரவழைப்பதற்கு ஒதுக்க வேண்டும். இதைச் செய்யும் நிறுவனத்தில் காணொலி ஊழியருக்கு வசதியாக இருக்கும். செய்யாத நிறுவனத்தில், அதிகாரம் உள்ளவர் ஒளிந்துகொள்ளும் இடமாக மட்டுமே இருக்கும்.